பெட்டிக்குள் போகாத புதினா

ஆபீசில் என் பெயர் டப்பா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும். நகர சுகாதாரத் துறையின் நோய்த் தடுப்புப் பிரிவில் எனக்கு வேலை. ஊரில் கூட்டமாக யாருக்காவது வயிறு கெட்டால், வீடு வீடாகப் போய் அவர்கள் மலத்தைச் சின்ன டப்பாக்களில் வாங்கிவந்து லேபில் சேர்ப்பேன். என் மனைவி அக்கம்பக்கத்தில் "அவர் லேப்ல இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பிரிவின் தலைமை மேடம். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான அம்மா. கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். பதில் வரும்வரை எதிராளி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் நர்சிங் மாணவிகள் விடுதியின் சமையலறையில் நின்றிருந்தோம். மூக்கில் கைக்குட்டையோடு வார்டனும் நின்றிருந்தாள்.

விடுதியில் பாதிப் பெண்களுக்கு வாரக்கணக்காக வயிற்றுப்போக்கு. அதில் இரண்டாம் வருஷத்துப் பெண் ஒருத்தி செத்தே போனாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சிறுநீரகம் பலவீனம், உடம்பில் இருந்த நீரெல்லாம் போனதும் தாங்கவில்லை. காரணம் ஓர் ஒட்டுண்ணி. சைக்ளோஸ்போரா என்று பெயர், சைக்கிள் கம்பெனி பெயர் மாதிரி இருக்கும். லேபில் அதைத் தனியாகத் தேடச் சொன்னால்தான் கண்ணில் படும். அந்தப் பெண்ணுக்குத் தேடச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கிற சாதாரண மாத்திரையிலேயே போய்விடும் நோய் அது. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னும் என்ன மேடம் பார்க்கணும்?" என்றாள் வார்டன். "சமையல்காரம்மா டெஸ்ட்லயும் அதே பூச்சி வந்துடுச்சு. கையைக் கழுவாம சமைச்சிருக்கு. போலீஸ் காலையிலயே கூட்டிட்டுப் போயாச்சு."

அது உண்மை. செத்த பெண்ணின் அப்பா புகார் கொடுத்திருந்தார். சாயங்காலம் சமையல்காரம்மாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப்போவதாக இன்ஸ்பெக்டர் போனில் சொல்லிவிட்டார். சுகாதாரத் துறைக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்த அம்மா ஜெயிலுக்கு.

"நல்லா இருக்கிற பொண்ணுங்க யாரு?" என்றார் மேடம்.

வார்டன் விழித்தாள். இத்தனை நாளாக எல்லோரும் நோயாளிகளைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள்.

"காலை டியூட்டிக்கு ஆஸ்பத்திரி போறவங்களுக்கு ஒண்ணுமில்ல. அதுங்க மதியம் இங்க சாப்பிடறதில்ல."

"வெளியிலயா சாப்பிடறாங்க?"

"சேச்சே. இங்கேர்ந்துதான் பெட்டி கட்டிக் கொடுத்தனுப்பறோம். ஒரே அடுப்பு, ஒரே அம்மா."

மேடம் என்னைப் பார்த்தார். நான் போய், டியூட்டி முடிந்து வந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும், சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறையிலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொருத்தியையும் கூட்டிவந்தேன்.

"பெட்டியில என்னம்மா இருக்கும்?"

"சோறு, காய், வெள்ளரிக்காய் போட்ட தயிர். தினமும் அதேதான் மேடம்," என்றாள் முதல் பெண்.

"உனக்கு?"

"எங்களுக்கும் அதேதான்," என்றாள் நோயாளிப் பெண். குரலே எழும்பவில்லை. "தயிர் மேல மட்டும் பச்சைப் புதினாவை நறுக்கித் தூவுவாங்க."

"பெட்டியில ஏன் தூவறதில்ல?"

முதல் பெண் லேசாகச் சிரித்தாள். "மதியத்துக்குள்ள கறுத்துப்போயிடும்னு ஆன்ட்டி போட மாட்டாங்க. மூடியைத் திறந்தா பார்க்க நல்லா இருக்கணுமாம். அதுல ரொம்பக் கண்டிப்பு."

மேடம் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"டப்பா, சமைக்கிற கையில அழுக்குன்னா எதுல ஒட்டும்?"

"எதுலயும் ஒட்டும் மேடம். காலை டியூட்டி, மதிய டியூட்டின்னு கைக்குத் தெரியுமா?"

"அப்ப கையை விடு. இலையைப் பிடி."

பிடித்தேன். சமையல்காரம்மா முதல் நாள் எங்கள் ஆட்களிடமும், பிறகு போலீசிடமும், இலை தழையெல்லாம் வழக்கமான காய்கறிக்காரரிடம்தான் வாங்கினேன் என்று சொல்லியிருந்தார். அந்தக் காய்கறிக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்த எடுப்பிலேயே மனுஷன் பாய்ந்தார்.

"என் தலையில கட்டப் பாக்கறாங்களா? அந்த விடுதிக்கு நான் புதினா போட்டு மாசக்கணக்காச்சு சார். வேணாம்னுட்டாங்க. ஏம்மா, என் புதினாவுக்கு என்ன கேடுன்னு கேட்டேன். பதிலே சொல்லல."

போனை வைத்தேன். "பொய் சொல்லியிருக்கு மேடம். வேற யாரோ இலை கொடுத்திருக்காங்க, அதைச் சொன்னாலே தப்பிச்சிருக்கும். உள்ள போகப்போற நேரத்துல ஒருத்தர் தப்பிக்கப் பொய் சொல்லிப் பார்த்திருக்கேன். மாட்டிக்கறதுக்குப் பொய் சொல்லி இப்பதான் பாக்கறேன்."

மேடம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு ஆணி. அதில் துணிக் கீற்றுகள் கொத்தாகத் தொங்கின. நீலமும் வெள்ளையும் கட்டம் போட்ட துணி. மிளகாய்த்தூள், சர்க்கரைப் பொட்டலங்களின் வாயைக் கட்ட அந்த அம்மா அதைத்தான் பயன்படுத்தியிருந்தார். மேடம் ஒரு கீற்றை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். புதினா வாசம்.

"மார்க்கெட் கட்டு எதுல கட்டி வரும்?"

"ரப்பர் பேண்ட், இல்லாட்டி நார். துணியைக் கிழிச்சுக் கட்ட அவங்களுக்கு ஏது நேரம்?"

"பெத்த பிள்ளைக்குன்னு கட்டறவங்களுக்கு இருக்கும். யாரு அது?"

பதில் மாடியில் இருந்தது. செத்த பெண்ணின் அறையைத் திறந்து காட்டச் சொன்னார் மேடம். பெட்டி படுக்கையெல்லாம் அவள் அப்பா எடுத்துப் போய்விட்டார். சுவரில் பசை போட்டு ஒட்டிய ஒரு போட்டோ மட்டும் பிய்க்க வராமல் நின்றுவிட்டிருந்தது. அந்தப் பெண் தங்கையின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தாள். நீலமும் வெள்ளையும் கட்டம்.

கையில் இருந்த துணிக் கீற்றை அந்தப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"இவங்க அப்பா என்ன தொழில்?" என்றார் மேடம் வார்டனிடம்.

"கீரை விவசாயம். ஊருக்கு வெளியில தோட்டம். வாராவாரம் பொண்ணைப் பார்க்க வருவார். பாவம், வந்தா சமையலறைப் பின்வாசல்ல நின்னு அந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசாம போகமாட்டார்." சொல்லிவிட்டு வார்டன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள். "ஏன் மேடம்?"

வெளிச் சாப்பாடு எதையும் விடுதிக்குள் எடுக்கக் கூடாது என்பது அவள் போட்ட விதி. அதனால்தான் பின்வாசல்.

நாங்கள் ஜீப்பில் ஏறினோம்.

தோட்டத்து வீட்டுக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கீரை வயல். பூச்சி மருந்து நெடி மூக்கில் ஏறியது. அப்பா போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். அம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாங்கள் யார் என்று சொன்னதற்கு "பின்னாடி சின்னவ இருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை. அதை ஒட்டிக் கழிவுத் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம், பாயகலத்துக்கு ஒரு பாத்தி. அப்படி ஒரு புதினாவை நான் எந்த மார்க்கெட்டிலும் பார்த்ததில்லை. இலை ஒவ்வொன்றும் தளதளவென்று, ஒரு பூச்சிக் கடி இல்லாமல். பாத்தி ஓரத்தில் போட்டோவில் பார்த்த தங்கை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போயிருந்தது. எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

மேடம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "யாரு கண்ணு இவ்வளவு அழகா வளர்த்தது?"

"அப்பா. இது அக்கா பாத்தி. முன்னாடி இருக்கிறது மார்க்கெட்டுக்கு, அதுக்கு மருந்து அடிப்பாங்க. இதுக்கு ஒரு சொட்டு அடிக்க மாட்டார். அக்காவுக்கு உடம்பு முடியாதுல்ல, அதான். அவ ஃபிரெண்ட்ஸுக்கும் சேர்த்துப் பறிச்சுட்டுப் போவார்."

"எதுல கட்டுவார்?"

"என் பழைய யூனிஃபார்மைக் கிழிச்சு. நார் கட்டினா தண்டு நசுங்கிடுமாம்."

"நீங்கல்லாம் இதைச் சாப்பிட மாட்டீங்களா?"

"தொடக்கூட விடமாட்டாங்க. அக்காவுக்குன்னு வெச்சதை ஏன் பிய்க்கிறேன்னு அம்மா திட்டும்." இன்னொரு இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். "அக்கா போனதுக்கப்புறம் யாரும் திட்டறதில்ல."

"துப்பிடு கண்ணு," என்றார் மேடம். குரல் உயரவே இல்லை. உள்ளங்கையை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். "துப்பிடு. வயிறு எப்படி இருக்கு உனக்கு?"

"போயிட்டே இருக்கு. அழுதா அப்படித்தான் ஆகும்னு அப்பா சொன்னார்."

நான் பைக்குள் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தேன். எத்தனையோ பேரிடம் கிண்டலடித்துக்கொண்டே அதை நீட்டியிருக்கிறேன். அன்று அதை அந்தப் பிள்ளையிடம் நீட்டக் கை வரவில்லை. மேடமே வாங்கிக் கொடுத்தார்.

அம்மா பின்வாசலுக்கு வந்து நின்றாள். மேடம் ஒரு குச்சியால் பாத்தி மண்ணைக் கிளறினார். சொதசொதவென்றிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம் அது.

"இந்த ஈரம் எங்கேர்ந்தும்மா?"

"அந்த இடம் எப்பவும் காயாது," என்றாள் அம்மா. "மழை இல்லாட்டியும் ஈரமாத்தான் இருக்கும். அதான் அவர் பெரியவளுக்கு அங்க போட்டார். வாய்க்கால் தண்ணியில கண்டதும் கலந்து வருது, இங்க அது விடவேண்டியதில்ல, சுத்தமா வளரும்னு."

"வெளியாளுங்க யாராவது வந்து தங்கினாங்களா?"

"அறுவடைக்கு ஆளுங்க வருவாங்க. இந்தத் தடவை நிறையப் பேர். எல்லாரும் இந்தக் கழிப்பறைதான்."

மேடம் குச்சியைக் கீழே போட்டார். தொட்டியின் பக்கச் சுவரில், மண்ணோடு மண்ணாக, ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதை நானும் பார்த்தேன். அந்த அம்மா பார்க்கவில்லை. "சின்னவளுக்கும் அதே வயிறுதான். மாத்திரை இருக்கு, சரியாயிடும். கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு," என்று மட்டும் சொன்னார் மேடம். அந்த அம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள்.

சின்னவளை அவள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் சேர்த்து, எதைத் தேட வேண்டும் என்று டாக்டரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குத் திரும்பினோம். வழியில் மனசு கேட்காமல் நான்தான் ஆரம்பித்தேன்.

"மேடம், சமையல்காரம்மாவை விடுவிக்க உங்ககிட்ட காரணம் இருக்கில்ல?"

"இருக்கு. இந்தப் பூச்சி உடம்பை விட்டு வெளிய வந்த உடனே யாருக்கும் ஒட்டாது. ஈரத்துலயும் சூட்டுலயும் ஒரு வாரம், ரெண்டு வாரம் கிடந்து முத்தணும். காலையில கையில இருந்தது மதியம் தட்டுல வந்து யாரையும் படுக்க வைக்காது. அந்தம்மா யாருக்கும் கொடுக்கல. நறுக்கும்போது வாயில போட்டுப் பார்த்திருப்பாங்க, வாங்கிக்கிட்டாங்க."

"அதோட நிறுத்திக்கலாமே மேடம். தண்ணியில ஏதோ இருந்துச்சுன்னு சொல்லிட்டு, சத்தமில்லாம அந்தப் பாத்தியை மூடிடலாம். அந்த மனுஷன்கிட்ட எப்படிப் போய்..."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையல்காரம்மாவை உள் அறையில் ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாத்தியைப் பார்த்துட்டு வந்தோம்," என்றார் மேடம்.

அந்த அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்தார்.

"உங்க ஆளுங்க முதல் நாள் வந்து, பச்சை இலை ஏதாவது போட்டீங்களான்னு கேட்டாங்க பாருங்க, அப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கடையில வாங்கினேன்னு வாயில வந்துடுச்சு."

"ஏன்?"

"அந்தப் பொண்ணோட அப்பா, எனக்கு அண்ணன் மாதிரி, சாமான் எடுக்க வந்தப்ப, பின்வாசல்ல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். வாரம் தவறாம நல்லதைத்தானே தங்கச்சி கொடுத்தேன், எப்படி இப்படி ஆச்சுன்னு கேட்டார். நான் என்ன சொல்லுவேன்?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணைப் பறிகொடுத்தவருக்குக் கோவப்படறதுக்காவது ஒரு ஆள் வேணும். அது நானா இருந்துட்டுப் போறேன். சொல்லாதீங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமா போகும்."

"நீங்க ஜெயிலுக்குப் போவீங்க."

"என்னிக்காவது வெளிய வந்துடுவேன்ல. அவரு இதுலேர்ந்து வருவாரா?"

மேடம் அந்தப் பார்வை பார்த்தார், ஆனால் இந்தத் தடவை அவர்தான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு எதிரே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். உழைத்து உழைத்துக் காய்ப்புக் காய்த்த கைகள். நகக்கண்ணில் மண். எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடம் நின்றபடியே இன்ஸ்பெக்டரிடம் சொன்னார். பெட்டிச் சாப்பாடு, தட்டுச் சாப்பாடு, பூச்சி முத்துவதற்கு ஆகிற நாள். கேட்டு முடித்து இன்ஸ்பெக்டர் மோவாயைத் தடவினார்.

"அப்ப அந்தம்மா மேல தப்பில்லைன்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடுக்கறேன்."

"சரி, அனுப்பிடறேன்." இன்ஸ்பெக்டரும் அதோடு விட்டுவிடத்தான் பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது. சமையல்காரம்மா கதவோரம் வந்து நின்றார்.

"அப்ப யாரு?" என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி இல்லைன்னா எனக்கும் சந்தோஷம்தான். அவகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா யாருன்னு தெரியணும்ல? யாரோ ஒருத்தன் பண்ணியிருக்கான். அவனை விட்டா இன்னொரு பொண்ணு போகும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியும். உங்க முகத்துலயே தெரியுது. சொல்லுங்கம்மா."

"உங்க சின்னப் பொண்ணை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வந்திருக்கேன்," என்றார் மேடம். "பயப்படாதீங்க, பிழைச்சுக்குவா. அவளுக்கும் அதே நோய்தான்."

"அவ விடுதிப் பக்கமே போனதில்லையே."

"போகல."

"தங்கச்சி கையால சாப்பிட்டதும் இல்ல. அவ வீட்டை விட்டு எங்கயும்..." அவர் நிறுத்தினார். "என்னத்தைச் சாப்பிட்டா அவ?"

மேடம் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தணிந்த குரலில், ஒன்றுவிடாமல் சொன்னார். விரிசலைப் பற்றிச் சொன்னார். வேலைக்கு வந்தவர்களில் யாருக்கோ இருந்திருக்கும், அவர்களுக்கே தெரிந்திருக்காது என்றார். காயாத மண்ணைப் பற்றிச் சொன்னார். பார்த்தால் தெரியாது, கழுவினாலும் போகாது, உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

அவர் அழவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து அடிக்காம வெச்சேனே," என்றார்.

பிறகு கதவோரம் நின்ற சமையல்காரம்மாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா தங்கச்சி?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். பாவம், அவருக்குத் தெரிந்தது அவர் வேலைதான். "பெரியவரே, அப்ப புகாரை வாபஸ் வாங்கிக்கறீங்களா? ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"வாபஸ் வேணாம் சார்."

"அந்தம்மா மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சே."

"தெரியுது. அவ பேரை அடிச்சிடுங்க." அவர் எழுந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த இடத்துல என் பேரை எழுதுங்க. மத்ததெல்லாம் நான் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். "எழுதுங்க சார்," என்றார் அப்பா மறுபடியும், கெஞ்சுகிற குரலில். சமையல்காரம்மா வந்து அவர் கையைப் பிடித்து, "சின்னவ உங்களைத் தேடுவாண்ணே, வாங்க" என்று இழுத்தார். அவர் நகரவில்லை.